பால் இல்லாத டீயும் பட்டு நூலும்

தருமபுரியில் ஒருவன் டீக்கடையில் பால் வேண்டாம் என்றால், வயிறு சரியில்லை என்று அர்த்தம், இல்லாவிட்டால் ஏதோ வேண்டுதல். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த என் நண்பன் முதல் நாள் பிளாக் டீ கேட்டபோது மாஸ்டரும் அப்படித்தான் விசாரித்தார். "நான் வீகன்ணா" என்றான். "வீக்கா இருந்தா பால் குடிக்கணுமே தம்பி" என்றார் அவர்.

அதன் பிறகு எங்கள் மூன்று பேருக்குள் கிரிக்கெட், நிலத்து விலை என்று எதில் பேச்சு தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். நம் ஊரில் சைவம் என்றால் பால், தயிர், நெய் எல்லாம் சேர்த்துத்தான். அதையும் விட்டவர்களுக்கு நனிசைவர் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அதை டீக்கடையில் சொன்னால் பாட்டுப் புத்தகமா என்பார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி 'வீகன்' ஆக்கினார்கள் என்று அவன் ஒருநாள் விளக்கினான். "நடுவுல இருந்த உடம்ப விட்டுட்டாங்களா? அதான் நீ இப்படி எளச்சிட்ட" என்றான் மூன்றாமவன்.

உண்மையில் சாப்பாட்டில் அவனுக்குப் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. ராகிக்களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல். எங்கள் பாட்டிமார் வாரத்தில் ஆறு நாள் தின்றது இதைத்தான். கம்மங்கூழில் மோர் ஊற்றாமல் வாங்குவதற்குத்தான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஒரு சாயங்காலம் விளையாட்டுப் பேச்சு வினையானது. மூன்றாமவன் வீட்டில் இரண்டு கறவை மாடுகள், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். "நான் என்ன மாட்டக் கொடுமையா பண்றேன்?" என்று கேட்டான். "காளக்கன்னு பொறந்தா என்னடா பண்ணுவ?" என்று இவன் திருப்பிக் கேட்டான். சந்தைக்குத்தான் போகும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கை காட்டினான். "என்னையே கேக்குறியே, இவன் பண்ற வேலையக் கேட்டியா?"

நான் பன்னிரண்டு வருடமாக ஒரு பட்டு நூற்பு ஆலையில் இருக்கிறேன். அங்காடி ஏலத்தில் பட்டுக்கூடு எடுப்பது, எடை பார்ப்பது, கணக்கு எழுதுவது என் வேலை. அதுவரை வீகன் நண்பன் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. நண்பன் என்பதால் விட்டுவைத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

சரி என்று சொல்ல ஆரம்பித்தேன். புழு நாலு தடவை தோலுரித்து, மல்பெரி இலையை மட்டுமே தின்று வளர்ந்து, இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். உள்ளே இருப்பதை அப்படியே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சியாகிக் கூட்டை ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டில் இழை துண்டு துண்டாகிவிடும், நீளமாக நூல் எடுக்க முடியாது. அதனால்தான் முன்கூட்டியே நீராவியிலோ சூட்டுக் காற்றிலோ புழுவைக் கொல்கிறோம். அப்புறம் வெந்நீர்த் தொட்டி. பசை இளகி, விரலில் நுனி சிக்கியதும் கூடு தண்ணீரில் உருண்டு உருண்டு மெலியும். கடைசியில் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு உறைக்குள் பழுப்பாகப் புழு தெரியும்.

ஒருமுறை பாய்லர் பழுதாகி மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். சாக்கு மேலெல்லாம் வெள்ளைப் பூச்சிகள். இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, எதையும் தின்னவும் தின்னாது. சிறகை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தன. நான் முதலில் பார்த்தது பூச்சியை அல்ல, ஓட்டையை. எத்தனை கிலோ போச்சு என்று நோட்டில் எழுதினேன்.

இதைச் சொன்னபோது அவன் திட்டுவான் என்று நினைத்தேன். "ஒரு சேலைக்கு எத்தன புழு?" என்று மட்டும் கேட்டான். என் கணக்கு: ஒரு கிலோ நூலுக்கு ஆறரை, ஏழு கிலோ கூடு. கிலோவுக்கு ஐநூறு, அறுநூறு கூடு. அரைக் கிலோ நூல் என்றாலும் இரண்டாயிரத்துக்குப் பக்கம் வந்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெருக்கலை நான் போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காஞ்சிப் பெரியவர் இதே காரணத்துக்காகப் பட்டு வேண்டாம் என்று சொன்னதையும், ஐதராபாத் குசுமா ராஜய்யா பூச்சி வெளியேறிய பிறகு மிஞ்சும் கூட்டிலிருந்து அகிம்சைப் பட்டு நெய்ததையும் அவனே சொன்னான். எனக்கு அதில் பாதி சந்தேகம்தான். வெளியே வந்த பூச்சிகள் போடும் முட்டையிலிருந்து வரும் அத்தனை புழுவுக்கும் இலை போட யாரால் முடியும்? கேட்டேன். அவனிடமும் பதில் இல்லை.

போன வாரம் அவனுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். ஆலையில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது அவன் அம்மா போன் செய்தார். "முகூர்த்தச் சேல எடுக்கணும் கண்ணு, நல்ல பட்டு எதுன்னு உனக்குத்தான தெரியும், கூட வா. அவங்கிட்ட இப்பவே சொல்லாத." தராசில் கூடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. "சரிம்மா, ஞாயித்துக்கெழம வரேன்" என்றேன்.