செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

வாட்ஸப் குரூப்பில் போட்டால் குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவே தொலைந்துபோகிறது. அதனால் நம் சர்க்கரைப் பரிசோதனை முகாமின் சேதிகளை இங்கே எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டை ஞாயிறு முகாமுக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவும்.

முதலில் மாம்பழ விவகாரம். போன முகாமில் ஒரு பெரியவருக்கு மீட்டர் 342 காட்டியது. நம் பையன் பதறிப்போய், "ஐயா, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டான். பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்துப் பார்த்தால் விரலெல்லாம் பிசுபிசு. எம்.சி. ரோட்டில் வண்டியில் மாம்பழம் அறுத்து விற்கிறவராம், வியாபாரத்துக்கு நடுவில் ஓடிவந்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் எடுத்தோம். 138.

"ஸ்பிரிட் பஞ்சால் துடைச்சேனே ஆன்ட்டி" என்றான் பையன். பழத்தின் சர்க்கரை பஞ்சுக்கு முழுசாகப் போவதில்லை, தண்ணீர்தான் வேண்டும். ஆகவே இனிமேல் மேஜைக்கு முன்னால் பக்கெட், மக், சோப்பு. ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்டிரிப் டப்பாவை மூடியே வைக்கவும். 30 டிகிரிக்கு மேல் வெயிலில் விட்டால் அளவு தப்பும், ஆட்டோ சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவது கூடாது. குத்திய ஊசிகளைத் தண்ணீர் பாட்டிலில் போடுவதையும் நிறுத்துங்கள். குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா வாங்கியாயிற்று. அப்புறம், எண்ணைச் சீட்டில் எழுதிக்கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. "உங்களுக்கு சுகர் இருக்கு" என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

நவம்பர் 14 முகாம் இந்த வருடம் கிடையாது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாண்டிங் பிறந்த நாள் என்பதால் அது உலக நீரிழிவு நாள், தெரியும். ஆனால் அவர் கனடாவில் பிறந்துவிட்டார். வட சென்னையில் பிறந்திருந்தால் ஜனவரியில் பிறந்திருப்பார். முழங்கால் மழைத் தண்ணீரில் மேஜை போட்டதெல்லாம் போதும், பொங்கல் கழித்து நடத்துவோம்.

இனி முக்கியமான சேதி. அடுத்த முகாமிலிருந்து கால் பரிசோதனைக்குத் தனி மேஜை போடுகிறோம். சர்க்கரை நாள்பட்டால் கால் மரத்துப்போகலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான்.

எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. அங்கே 1948-லேயே டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார் என்று முகாமுக்கு வருகிற எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். ஆனால் நான் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த தனியார் கிளினிக்கில் ஒரு தடவைகூட யாரும் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன், அது வேறு. காலை யாரும் பார்த்ததில்லை. எண், மாத்திரை, அடுத்த மாதம் வாங்க.

போன வாரம் பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா "யாராவது கால் குடுங்க" என்றதும் நான்தான் முந்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பிடியில் சின்ன நைலான் இழை. பார்க்கத் தூண்டிலில் கட்டுகிற தங்கூசி மாதிரியே இருக்கிறது. தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அந்த அழுத்தம் தெரியவில்லை என்றால் பாதத்தைக் காக்கிற உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். முதலில் கையில் தொட்டுக்காட்டினார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, "தொடும்போது சொல்லுங்க" என்றார். வலது காலில் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஏன் நிறுத்திவிட்டார் என்று கண்ணைத் திறந்தேன். இழை என் இடது கட்டைவிரலில் வளைந்து நின்றது.

பிள்ளைகள் யாரும் பேசவில்லை. நான்தான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சுவர்க் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன், 61 வயதில் முதல் தடவையாக.

வலித்தால் தானாக வருவார்கள். மரத்துப்போனால் வரமாட்டார்கள், அதுதான் சிக்கல். திருவொற்றியூர் கோயிலில் நடுப்பகலில் பிராகாரம் சுற்றிய ஓர் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் தரையில் ஈரத் தடம் பார்த்து மருமகள்தான் கேட்டிருக்கிறாள். ஆறுவதற்கு நாலு மாதம் ஆனது. ஆகவே "கால் வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கா, மதமதன்னு இருக்கா, ராத்திரி எரியுதா" என்று கேளுங்கள், பட்டென்று பதில் வரும். வராவிட்டாலும் இழையை வைத்துப் பாருங்கள். எனக்கு எரிச்சலும் இல்லை, மதமதப்பும் இல்லை.

ஒரு சங்கடம் இருக்கிறது. காசிமேட்டில் ஒரு மீன்கார அம்மாவின் காலை நான் தொடப்போனதும் காலை இழுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "வயசுல பெரியவ, நீ போய் என் காலைத் தொடறதா? எனக்குப் பாவம் சேரும்மா." எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. கடைசியில் நம் கொருக்குப்பேட்டைப் பெண் வந்து "பாட்டி, நான் உங்க பேத்தி மாதிரி" என்றதும் காலை நீட்டிவிட்டார். இழையைப் பார்த்து, "இன்னாம்மா, தங்கூசிய வெச்சு என்னா மீனு புடிக்கப் போற?" என்று கிண்டல் வேறு. ஆகவே அந்த மேஜையில் இளையவர்கள் உட்காருங்கள். வாடை அடிக்கும், சேற்றுப்புண் இருக்கும், முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்கள் கூச்சப்படுவதே அதற்குத்தான்; காலைக் காட்டுவதற்கு முன்பே "அழுக்கா இருக்கும்மா" என்று மன்னிப்புக் கேட்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஈரத்துணி ஒன்றை நீங்களே எடுத்துத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இழையைக் கால் ஆணி மேல் வைக்க வேண்டாம், காய்த்த தோலில் யாருக்குமே தெரியாது. ஒரே தாளத்தில் தொடாதீர்கள், தாளம் பிடித்துக்கொண்டு "ஆமா" போட்டுவிடுவார்கள். பத்துப் பேருக்கு ஒரு இழை. பிறகு அதற்கு ஒரு நாள் ஓய்வு, இல்லாவிட்டால் தொய்ந்துவிடும். நான்கு இழைகள் இருக்கின்றன, ஆக ஒரு முகாமுக்கு 40 பேர்தான். கூட்டம் சேர்ந்தால் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களை முதலில் விடுங்கள், அவர்களுக்குச் சர்க்கரை இருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அடுத்த பயிற்சி வரும் ஞாயிறு காலை பத்து மணி, வழக்கமான இடம். பழைய துண்டுகள் இருந்தால் கொண்டுவாருங்கள். பழகிப் பார்ப்பதற்குக் கால்களும் தேவை. என் வலது கால் தயார். இடதுக்கு வேறு யாராவது வாருங்கள்.