விடியற்காலைச் சர்க்கரையும் பின்னிரவு மூன்று மணியும்

1999ஆம் ஆண்டு, நான் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து இன்சுலின் போடாத நாள் என்று ஒன்று என் வாழ்வில் இல்லை. ஒரு நாளில் ஏழெட்டு முறை சர்க்கரை பார்க்கிறேன். அந்த எண்களில் என்னை அதிகம் அழவைத்தது காலையில் கண்விழித்ததும் வரும் முதல் எண்தான். இரவு பத்தரை மணிக்கு 126 இருக்கும்; அதன்பிறகு ஒரு பருக்கைகூட வாயில் படாது; விடிந்து ஆறு மணிக்குப் பார்த்தால் மீட்டர் 231 என்று காட்டும். சாப்பிட்டு ஏறியிருந்தால் மனம் ஏற்றுக்கொள்ளும். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டித் தூங்கி எழுந்தவளுக்கு ஏன் ஏற வேண்டும் என்பதற்கு வீட்டில் யாருக்கும் விடை தெரியவில்லை. திருமணமான புதிதில் என் மாமியார் ஒருநாள், “ராத்திரி எழுந்து ஏதாவது எடுத்துச் சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி பல நாள் என் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருந்தது.

அவருக்கு அன்று நான் சொல்ல முடியாமல் போன விடை இதுதான். நாம் சாப்பிடாத நேரத்திலும் உடலுக்குச் சர்க்கரை வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கொடுப்பது கல்லீரல். பின்னிரவு மூன்று மணிவாக்கில் தொடங்கிக் காலை எட்டு மணி வரையிலான நேரத்தில், உடலைத் துயிலெழுப்ப ஆயத்தப்படுத்தும் ஹார்மோன்கள், குறிப்பாகக் கார்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும், இரத்தத்தில் கூடுகின்றன; அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் கூடுதலாகச் சர்க்கரையை வெளிவிடுகிறது, அதே வேளையில் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படுவதும் குறைகிறது. இது எல்லா மனிதருக்கும் நடப்பதுதான். கணையம் சரியாக இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இன்சுலின் சற்றுக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். அவர்கள் அறியாமலே எல்லாம் முடிந்துவிடும். நமக்கு அப்படிச் சுரக்க ஒன்றுமில்லை, முந்தைய இரவு ஊசியில் போட்டதுதான் இருப்பு. மருத்துவர்கள் இதை ‘டான் ஃபினாமினன்’ என்கிறார்கள். நான் வீட்டில் ‘விடியல் ஏற்றம்’ என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

ஆனால் காலையில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றாலே அது விடியல் ஏற்றம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரவு போட்ட இன்சுலின் விடியும் முன்னரே தீர்ந்துபோயிருக்கலாம். நேரங்கழித்து உண்ட எண்ணெய்ப் பலகாரம் நள்ளிரவுக்குப் பிறகு மெல்லச் செரித்து ஏற்றியிருக்கலாம். நடு இரவில் சர்க்கரை தாழ்ந்து, அதைச் சரிசெய்யச் சாப்பிட்டது அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். மீட்டரில் எல்லாவற்றுக்கும் அதே 231தான் தெரியும். ஒன்றுக்கு இன்சுலினைக் கூட்ட வேண்டும், மற்றொன்றுக்குக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின் போட்டுவந்தேன். அதில் 30 பங்கு விரைவாக வேலை செய்வது. 70 பங்கு என்.பி.எச். எனப்படும், பால்போல் கலங்கலாக இருக்கும் இடைநிலை இன்சுலின். நான் அன்று பார்த்துவந்த மருத்துவர், நோட்டுப் புத்தகத்தில் வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்து, மாலை ஊசியில் இரண்டு யூனிட் கூட்டுவார். அடுத்த மாதமும் காலை எண் இறங்கியிராது; மேலும் இரண்டு யூனிட் கூடும். இப்படி நான்கு மாதத்தில் எட்டு யூனிட் ஏறியது. அவருடைய அக்கறையில் நான் குறை சொல்ல மாட்டேன். இரவில் என்ன நடக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலையணை உறை காலையில் ஈரமாக இருப்பதையும், கெட்ட கனவுகள் வருவதையும், எழுந்ததும் மண்டை கனப்பதையும் வேலைக் களைப்பு என்றே எண்ணியிருந்தேன்.

ஓர் இரவு இரண்டே முக்கால் மணிக்கு விழிப்பு வந்தது. இரவு உடை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கை நடுக்கத்தில் ஸ்ட்ரிப் குப்பியின் மூடியைத் திறக்க முடியவில்லை. விரலில் குத்தி இரத்தத்தைத் தொட்டபோது, முதல் ஸ்ட்ரிப் பிழை காட்டியது. இரண்டாவது ஸ்ட்ரிப்பில் 48 என்று வந்தது. 70க்குக் கீழே வந்தாலே தாழ்நிலை, 54க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறும் நிலை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், சர்க்கரை டப்பாவில் கையை விட்டு அள்ளித் தின்றேன். பிறகு பிஸ்கட் பொட்டலம் முழுவதும், அதன்மேல் ஒரு தம்ளர் பாலும். வயிறு நிறைந்த பிறகும் அந்தப் பசி அடங்கவில்லை. தாழ்நிலையில் வரும் பசி அப்படிப்பட்டது. போதும் என்று சொல்ல மூளையிடம் சர்க்கரை இருக்காது. காலையில் 287 இருந்தது. அதே வாரம் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மூணு மணிக்கு எவ்வளவு இருக்கும்மா?”

ஏழு இரவுகள் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து பார்க்கச் சொன்னார். பார்த்ததில் நான்கு இரவுகள் 70க்குக் கீழே இருந்தது. மாலை ஏழரைக்குப் போட்ட என்.பி.எச். நள்ளிரவை ஒட்டித்தான் உச்சத்தில் வேலை செய்யும். விடியற்காலையில் உடலுக்கு அதிகம் தேவைப்படும்போது வலுவிழந்திருக்கும். ஆக, வேண்டாத நேரத்தில் மிகுதி, வேண்டிய நேரத்தில் பற்றாக்குறை. யூனிட்டைக் கூட்டக் கூட்ட நள்ளிரவுப் பள்ளம்தான் ஆழமானதே தவிர, விடியற்காலை மேடு குறையவில்லை.

இந்த இடத்தில் சோமோஜி விளைவு பற்றிப் பலரும் கேட்பதுண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் சோமோஜி என்ற உயிர்வேதியியலாளர், இரவில் சர்க்கரை தாழ்ந்தால் உடல் தானாகவே எதிர்வினையாற்றிக் காலையில் உயர்த்திவிடும் என்று 1930களில் கூறினார். பல ஆண்டுகள் இது பாடமாகவே இருந்தது. தொடர்ந்து அளக்கும் சென்சார்கள் வந்த பிறகு பார்த்ததில், இரவில் தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் குறைவாகவே இருப்பது தெரிந்தது. என் அனுபவமும் அதுதான்: தாழ்ந்ததைத் தூக்கத்திலேயே கடந்துவிட்ட இரவுகளின் மறுநாள் எண்கள் 90, 100 என்றுதான் இருந்தன. 287 வந்தது பிஸ்கட் பொட்டலத்தால். அதனால்தான் இப்போது கட்டிலருகே 15 கிராம் குளுக்கோஸ் தூளை அளந்து, சிறு டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன். ஒன்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பேன், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன், இன்னும் ஏறாவிட்டால் மட்டும் அடுத்த டப்பா. அந்தப் பதினைந்து நிமிடம் மிகக் கொடுமையானது. அதைக் கடக்க என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

அந்தப் புதிய மருத்துவர் கலவை இன்சுலினை நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை இரவிலும், உணவுக்கு முன் விரைவு இன்சுலினைத் தனியாகவும் மாற்றித் தந்தார். நள்ளிரவு வியர்வை அந்த மாதமே நின்றது. காலை எண் 231இலிருந்து 170க்கு வந்து அங்கேயே நின்றது; எஞ்சியிருந்த அந்த ஏற்றம்தான் உண்மையான விடியல் ஏற்றம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லும் உணவுக்கு முந்தைய இலக்கு 80 முதல் 130 வரை. எனக்கு இரவுத் தாழ்நிலை வந்த வரலாறு இருப்பதால், 150க்குள் இருந்தால் போதும் என்று மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். உடலோடு இணைத்து, இன்சுலினைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் பம்ப் வைத்திருப்பவர்கள் பின்னிரவு மூன்று மணியிலிருந்து அளவைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ள முடியும். ஊசி போடும் எங்களுக்கு அந்த வசதி இல்லை. என் யூனிட் கணக்கை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அது என் உடலுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு என்பதே.

இரவு உணவை ஏழரைக்குள் முடித்துவிட்டால் காலை எண்ணில் 20, 30 குறைவதைக் கண்ணால் காண்கிறேன். கல்யாண வீட்டில் ஒன்பதரைக்குப் பூரியும் குருமாவும் சாப்பிட்ட நாட்களில் படுக்கும்போது 140 இருக்கும், ஏமாந்துவிடுவோம். எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் ஏற்றம் ஒரு மணிக்குத்தான் தொடங்கும்.

எங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், மூன்று நாள் தொடர்ந்து காலை எண் 260, 290 என்று வந்தது. உணவில் மாற்றமில்லை, காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் குமட்டல் வந்ததும், இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் இருக்கிறதா என்று ஸ்ட்ரிப்பால் பார்த்தேன். லேசாக நிறம் மாறியது. உடனே மருத்துவரை அழைத்தேன். “இன்சுலின் பேனா எங்கே வச்சிருந்தீங்க?” என்று அவர் கேட்டபோதுதான், முந்தின வாரம் வங்கிக்குப் போனபோது அது ஸ்கூட்டர் இருக்கைப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தது நினைவுக்கு வந்தது. புதிய பேனாவைத் திறந்த மறுநாளே எண் இறங்கியது. கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது, அதுதான் பயம். திறக்காத பேனாக்களை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் வைக்கக் கூடாது. திறந்த கிளார்ஜின் பேனாவை 28 நாள் வரை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளேயே கோடையில் 30ஐத் தாண்டுகிறது. எனவே ஈர மணலின்மேல் ஒரு மண்பானையை வைத்து, அதற்குள் சிறு டப்பாவில் பேனாவை வைக்கிறேன். மின்வெட்டு வந்தாலும் பானை கைவிடாது.

ஊசி போடும் இடமும் காலை எண்ணை மாற்றும். தொப்புளுக்கு இடப்பக்கம் வலிக்காத ஓரிடத்தில் பல ஆண்டுகள் குத்திவந்தேன்; வலிக்காததற்குக் காரணம், அங்கே தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு, எலுமிச்சையளவு மெத்தென்ற கட்டியாக மாறியிருந்ததுதான். அதற்குள் போடும் இன்சுலின் ஒருநாள் சட்டென்று சேரும், மறுநாள் சேராது.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. தமிழில் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். மாதவிடாய் வருவதற்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்து எனக்குக் காலை எண் 40, 50 கூடுகிறது. வந்த இரண்டாம் நாளே பொத்தென்று இறங்கிவிடுகிறது. எல்லாப் பெண்களுக்கும் இப்படி இல்லை, பலருக்கு உண்டு. நோட்டில் தேதியைக் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது. இறங்கும் நாளை மறந்து, கூட்டிய அளவையே போட்டுவிட்டால் அன்றிரவு தாழ்நிலை உறுதி.

காலையில் எழுந்ததும் முதல் வேலை சோப்புப் போட்டுக் கை கழுவுவது. முன்னிரவு மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தி ஒருமுறை 340 பார்த்திருக்கிறேன். கழுவிப் பார்த்தபோது 152. எண்ணைப் பார்த்ததும் விரைவு இன்சுலினைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். 130க்குக் கீழே என்றால் பதினைந்து நிமிடத்தில் இட்லி, 200ஐத் தொட்டிருந்தால் அரைமணிக்கு மேலும் பொறுத்திருந்து, எண் இறங்கத் தொடங்கியது தெரிந்த பிறகே சாப்பாடு. ஏறியிருக்கும்போதே சாப்பிட்டால் பத்து மணிக்கு 300ஐத் தாண்டி, பகல் முழுதும் அதைத் துரத்த வேண்டியிருக்கும். காபியைச் சர்க்கரையில்லாமல்தான் குடிக்கிறேன்; ஆனாலும் பாலில் இயல்பாகவே சர்க்கரை உண்டு, அதற்கும் சேர்த்தே ஊசி போட்டாக வேண்டும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆண்டுகள் ஆயின.

கடந்த பத்து நாளாகக் காலை எண் மறுபடி 30 கூடியிருக்கிறது. தேதிக் கணக்கு பொருந்தவில்லை. பேனாவை மாற்றிவிட்டேன், ஊசியைத் தொடைக்கு மாற்றிவிட்டேன், இரவு உணவும் நேரத்துக்குத்தான். இரவு அளவை ஒரு யூனிட் கூட்டலாமா என்று கை துடிக்கிறது. அதற்கு முன், இன்றிலிருந்து மூன்று இரவுகள் மூன்று மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.