கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு கொப்பி

கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் விடியவே நம்பர் எடுத்துக் காத்திருந்தாலும் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று அவர் கேட்கும்போது "அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். அதனால் ஆஸ்பத்திரி தரும் கிளினிக் கொப்பியைத் தவிர, உங்களுடையதென்று ஒரு கொப்பி வைத்திருங்கள்.

முதல் பக்கத்தில் மருந்துகள்: பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எப்போது தொடங்கியது. பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயரை விட்டுவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். கிளினிக்கில் தந்த லொசார்டன் என்ற பிரஷர் மருந்தும், வெளிப் பார்மசியில் வேறு பெயரில் வாங்கிய பெட்டியும் ஒரே மருந்தாக இருக்கலாம். தெரியாமல் இரண்டையும் குடித்தால் பிரஷர் அளவுக்கு மிஞ்சிக் குறைந்து, படுக்கையை விட்டு எழும்பும்போது தலைசுற்றி விழ நேரும். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டது இந்த நாட்டில்தான். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல பார்மசியில் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

மருந்துத் துண்டை வாசிக்கப் பழகுங்கள். 'மானே' (mane) காலை, 'நொக்டே' (nocte) இரவு, 'பிடி' (bd) இரண்டு வேளை, 'டிடிஎஸ்' (tds) மூன்று வேளை. பலரைக் குழப்புவது கடைசியில் வரும் இலக்கம். 1/12 என்றால் ஒரு மாதத்துக்கு, 2/52 என்றால் இரண்டு கிழமைக்கு, 5/7 என்றால் ஐந்து நாளைக்கு. கீழே இருப்பது வருடத்தின் 12 மாதம், 52 கிழமை, கிழமையின் 7 நாள். அதைத் திகதி என்றோ குளிசைக் கணக்கு என்றோ எடுக்காதீர்கள்.

அடுத்தது பிரஷர். மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகமானது. பட்டி உங்கள் கைக்கு அளவாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேத்தண்ணீர், சிகரெட் வேண்டாம். சலம் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கை மேசையில், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். காலையில் மருந்துக்கு முன்னும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், 7 நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டில் அளந்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரிடம் காட்டவேண்டியதுதான். நெஞ்சு இறுக்கிப் பிடித்து வியர்க்கும்போது மட்டும் மெஷினைத் தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கிளினிக் நாளில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பிரஷர்க் குளிசையையும் குடிக்காமல் போவது. அன்று பிரஷர் ஏறியிருக்கும். அதைப் பார்த்து டொக்டர் மருந்தைக் கூட்டி எழுதுவார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர, பிரஷர்க் குளிசையை வெறும் தண்ணீரோடு குடிக்கலாம். சீனி வருத்தத்துக்கான குளிசை, இன்சுலின் மட்டும் இரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடுதான். மூட்டு நோவுக்குப் பார்மசியில் நீங்களாக வாங்கிய டைக்ளோபினக், வீட்டில் குடிக்கும் கசாயம், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். அந்த நோக் குளிசை பிரஷரை ஏற்றும், லொசார்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் தாக்கும்.

லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் அனுப்பும்போது அலகைப் பாருங்கள். இங்கே 126 (mg/dL) என்று வரும் சீனி அங்கே 7 (mmol/L). அவர்களுடைய இலக்கத்தை 18ஆல் பெருக்கினால் நம்முடையது வரும். ஈசிஜி தாளை அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தால் காலப்போக்கில் கோடுகள் மங்கிவிடும், அடுத்த டொக்டர் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஈசிஜி இருக்காது.