பின்னால் ஒரு எஞ்சின்

செங்கோட்டையில் குருவாயூர் வண்டியின் வாலில் இன்னொரு எஞ்சினை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடிதான் ஒண்ணு இருக்கே, இது எதுக்குப்பா?" என்று பக்கத்தில் ஒரு பையன் அப்பாவைக் கேட்டான். அவர் மொபைலில் இருந்தார்.

பதிலை நான் சொன்னேன். புனலூர் வரைக்கும் மலைப்பாதை. ஏற்றத்தில் முன் எஞ்சின் இழுக்கும், பின் எஞ்சின் தள்ளும். இறக்கத்தில் பிடித்து நிறுத்தவும் அது உதவும்.

பையன் அதற்குள் முறுக்குக்காரரைப் பார்க்கப் போய்விட்டான். சரி.

1904-இல் வந்த பாதை இது. கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலிச் சீமையையும் மலையைக் குடைந்து இணைத்தார்கள். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் கருங்கல்லில் இன்னும் நிற்கிறது. அகலப்பாதைக்காக 2010-இல் நிறுத்திய ரயில், முழுப் பாதையிலும் மறுபடி ஓட 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் ஆரியங்காவு பக்கம் போகிறவர்களுக்கு பஸ்தான் கதி.

இப்போதும் இந்தத் தடத்தில் வண்டிகள் கொஞ்சம்தான். குற்றால சீசனில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் அடிதடியைப் பார்த்தால், பகலில் இன்னும் ரெண்டு வண்டி தாராளமாக விடலாம்.