ஆமணக்குப் புழுவுக்குள் யார் இருக்கிறார்கள்?

கெடிலம் ஆற்றங்கரையோரம் தானாக முளைத்துக் கிடக்கும் ஆமணக்கிலிருந்து, அதன் இலையைத் தின்னும் காவடிப்புழுக்களைப் பொறுக்கி வந்து பாட்டிலில் வளர்க்கிறேன். அவற்றைத் தின்று வளர்கிற பூச்சிகள் எவை என்று கண்ணால் பார்க்க ஆசை.

ஏற்பாடு எளிதுதான். அகல வாய் பாட்டில், மேலே மல்துணி, ரப்பர் பேண்ட், அடியில் செய்தித்தாள். ஒரு பாட்டிலுக்கு ஒரு புழு. இல்லாவிட்டால் எதிலிருந்து எது வந்தது என்றே தெரியாது. தினமும் புது இலை வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், அதனால் இலையைத் துடைத்துவிட்டே போடுகிறேன்.

ஒரு புழு நன்றாகத் தின்றுகொண்டிருந்தது, திடீரென்று மந்தமாகிவிட்டது. மறுநாள் காலையில் அதன் பின்பக்கத்து அடிவயிற்றில் சீரகம் போலப் பழுப்பாக ஒரு கூடு ஒட்டியிருந்தது. மைக்ரோபிளைட்டிஸ் குளவியின் கூட்டுப்புழு. ஆமணக்கில் இது அடிக்கடி கிடைக்கும். புழு இன்னும் சாகவில்லை. தொட்டால் தலையைத் தூக்குகிறது, ஆனால் இலையைத் தொடுவதில்லை. சில நாள் கழித்துக் கூட்டின் நுனியை மூடி போல வட்டமாக வெட்டித் தள்ளிவிட்டு, நீள உணர்கொம்பு ஆட்டிக்கொண்டு கருங்குளவி வெளியே வந்தது. அந்த மூடி வெட்டு அவ்வளவு சுத்தம்! லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தாய்க்குளவி இளம் புழுவின் உடம்புக்குள் முட்டையைச் செலுத்தும்போது கூடவே ஒரு வைரஸையும் செலுத்திவிடுகிறது. அந்நிய முட்டையைச் சூழ்ந்து அழிக்கும் புழுவின் ரத்த அணுக்களை அது முடக்கிப்போடும். புழு தின்பதெல்லாம் உள்ளே இருக்கும் குஞ்சுக்குத்தான்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஜன்னல் ஓரத்து மண்கூட்டை ஒன்று பிரித்தேன். உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கியிருந்தன. ஊசியால் தொட்டால் லேசாக நெளிகின்றன, ஓட முடியவில்லை. குளவி அவற்றைக் கொட்டி முடக்கி, தன் குஞ்சுக்குக் கெடாத சாப்பாடாக வைத்திருக்கிறது. பெரியவர்கள் பார்த்தது சரிதான்: புழு உள்ளே போகிறது, குளவி வெளியே வருகிறது.

அப்புறம் குறிஞ்சிப்பாடியில் மாமாவின் மணிலா (வேர்க்கடலை) கொல்லை. புரோடீனியா புழு இலையைச் சுரண்டியிருந்தது. "மருந்து அடிச்சிடட்டுமா மாப்ளே?" என்றார். "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் புழுக்களைப் பாட்டிலில் போட்டேன். சில புழுக்கள் துணியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிச் செத்தன. தொட்டால் தோல் கிழிந்து வெளுத்த நீர் வழிந்தது. புழுக்களைத் தாக்கும் என்.பி.வி. (நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ்) நோய் இப்படித்தான் இருக்கும். இந்த வைரஸையே பூச்சிமருந்தாகத் தெளிப்பவர்கள் சாயங்காலம்தான் தெளிப்பார்கள், வெயில் பட்டால் வீரியம் போய்விடும்.

இன்னொரு புழுவின் தலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு முட்டை. புழுவுக்குள் வளரும் டாக்கினிட் ஈ ஒட்டிவிட்டுப் போனது. அது பொரிப்பதற்குள் புழு தோலுரித்தால் முட்டையும் தோலோடு போய்விடும். இந்தப் புழுவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முரட்டு முடியோடு ஒரு ஈ வந்தது.

பூச்சி முட்டைக்குள் வளரும் குட்டிக் குளவியான டிரைக்கோகிரம்மாவின் அட்டையும் வாங்கி ஆமணக்கில் கட்டினேன். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுபவர்களுக்கு இது புதிதல்ல. கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப்புழுவுக்கு 4-ம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை கட்டுவார்கள். அட்டையில் இருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி வளர்வதால் அவை கறுத்திருக்கும். எறும்பு மோப்பம் பிடித்து வந்துவிடும், அதனால் கட்டும் நூலில் கிரீஸ் தடவினேன். காவடிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையைத் தனித்தனியாக இடுவதால் இந்தக் குளவிக்கு அது வசதி. புரோடீனியாவின் தாய் அந்துப்பூச்சி முட்டையைக் குவியலாக இட்டுத் தன் மயிரால் போர்த்திவிடும். அங்கே டிரைக்கோகிரம்மா தடுமாறும், டெலினோமஸ் குளவிதான் லாயக்கு.

மாமா இன்னும் மருந்து அடிக்கவில்லை. வரப்போர ஆமணக்கில் புரோடீனியா முட்டைக் குவியல் இருக்கும் இலைகளைக் கிள்ளி, கொளுத்தாமல் மல்துணி கட்டிய டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். குளவி வந்தால் கொல்லையிலேயே திறந்துவிடலாம்.