பத்து நிமிடச் சராசரி

"அண்ணே, சராசரியா தள்ளப் போகிறது? காற்றுதானே தள்ளும்" என்றான் காற்றாலையைப் பழுதுபார்க்க என்னோடு ஏறிய தம்பி. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

எண்பது மீட்டர் உயரம், ஆடி மாதம். இறக்கைகள் வந்து சேரும் மையக் கூடான ஹப்புக்குள், இறக்கைகளைத் திருப்பும் பிட்ச் பேட்டரி ஒன்று செத்துக் கிடந்தது. காற்று நொடிக்கு 12 மீட்டரைத் தாண்டினால் ஹப்புக்குள் ஆள் போகக் கூடாது என்பது எங்கள் விதி. விதி பார்ப்பது பத்து நிமிடச் சராசரியை. அது 11.6 காட்டியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்தில் ஓடிய, அந்தந்த நொடியின் வேகத்தைக் காட்டும் எண்ணை. அது 11, 14, 12, 15 என்று துள்ளிக்கொண்டிருந்தது. சீசனில் ஒரு மெஷின் ஒரு நாள் நின்றால் எங்கிருந்தெல்லாம் போன் வரும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். "ஒன்றும் ஆகாது, போ" என்றேன்.

அவன் உடனே நுழையவில்லை. மேல் திறப்பு வழியே கடலோரத்தைப் பார்த்தான். கூடங்குளம் அணு உலைகளின் இரண்டு குவிமாடங்கள் தெளிவாகத் தெரிந்தன. "எங்கள் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னார்கள்" என்றான். பிறகு லேன்யார்டை, அதாவது பாதுகாப்புக் கயிற்றை, மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டான்.

அந்தப் பேச்சைக் காலையிலேயே கிளறிவிட்டவன் நான்தான். டவர் அடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, 2011-ல் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மாதா கோவில் முன் போட்ட போராட்டப் பந்தலில் அம்மா மடியில் தூங்கியதை அவன் சொன்னான். நான் சும்மா இருந்திருக்கலாம். நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று கணக்கு எடுத்துவிட்டேன். நிலக்கரிக்கு ஏறத்தாழ 25 பேர், காற்றுக்கு 0.04, அணுவுக்கு 0.03. செர்னோபில், ஃபுகுஷிமா அணு உலை விபத்துகளையும் சேர்த்துத்தான் அந்த 0.03. "பார்த்தால் உன் அம்மா நம் காத்தாடிக்கு எதிராகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று வேடிக்கையாகவும் சொன்னேன். அவன் சாம்பாரைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

கணக்கு தவறில்லை. இன்றும் யாராவது கேட்டால் அதையே சொல்வேன். 2012-ல் இந்தப் பக்கம் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. மார்கழியில் எங்கள் இறக்கைகள் அசையாமல் நிற்கும். அந்தக் குவிமாடங்களுக்கு மாதக் கணக்கு கிடையாது. காற்றாலையில் சம்பளம் வாங்குகிறவன் இதை ஒப்புக்கொள்வது எளிதில்லை, ஆனாலும் உண்மை.

பிறகு ஏன் உறுத்துகிறது?

அந்தப் பேட்டரியை நினைத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் கிரிட் மின்சாரம் போய்விட்டால் இறக்கைகளைத் திருப்பி மெஷினை நிறுத்த வேண்டியது அதுதான். ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. வெளி மின்சாரம் போனபின் குளிர்விக்க வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்தது. நின்ற உலையும் சூட்டை விடாது. எங்கள் பேட்டரி கைவிட்டால் ஒரு மெஷின் வேகம் தாங்காமல் உடைந்து முள்காட்டில் விழும். ஃபுகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். போன அலைச்சலில் செத்தவர்கள் 0.03-க்குள் வந்துவிடுவார்கள். பூட்டிய வீட்டுக்குத் திரும்பாதவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களே.

எங்கள் ஆபத்து வேறு வகை என்று அதுவரை பெருமையாகச் சொல்லிவந்தேன். ஏறுகிறவன் தெரிந்து ஏறுகிறான், சம்பளம் வாங்கி ஏறுகிறான்; மீன் பிடிக்கிறவரையோ பீடி சுற்றுகிறவரையோ அது தொடாது. ஆனால் அன்று நான் அவனிடம் "போகிறாயா" என்று கேட்கவில்லை. "போ" என்றேன். என் உடம்பு ஹப்பின் திறப்புக்குள் நுழையாது என்பது உண்மை. நானும் அதே உயரத்தில்தான் நின்றேன் என்பதும் உண்மை. நான் நின்றது ஹப்புக்குப் பின்னால் இயந்திரங்கள் இருக்கும் அறையான நாசெல்லில், அவன் இருந்தது ஹப்பில்.

நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்து வெளியே வந்தான். ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டதா? குவிமாடங்களிலும் இன்றுவரை ஊரைக் காலி செய்யும்படி ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் வைத்து நான் எதை நிரூபிப்பது? மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் வேலையை நிறுத்துவேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வாரமே 11.8-ல் இன்னொரு மெஷினில் ஏறினோம். அன்று அவனிடம் கேட்டேன், "போகலாமா?" என்று. "நீங்கள் சொன்னால் போகிறேன் அண்ணே" என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் இறங்கியதும் பதிவேட்டை நான்தான் நிரப்பினேன். காற்றின் வேகத்துக்கு அதில் ஒரே ஒரு கட்டம். 11.6 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினேன். அவனும் போட்டான்.