குளிக்கப் போனவனுக்குப் பெண் பார்த்த கதை

தான்சானியாவில் பாகமோயோவுக்கு வந்த மூன்றாவது வாரம். சாயங்காலம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். குளிக்க ஒரு வாளி தண்ணீர் கேட்கிறோம் என்றுதான் நினைப்பு. ஆனால் அரைகுறைச் சுவாஹிலியில் என் வாயிலிருந்து வந்தது, "நான் பெண் கட்டவேண்டும், இப்போதே" என்பது. சமையல்கார அம்மா என் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பொலே" என்றார். பாவம், வருந்துகிறேன் என்று அர்த்தம். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நாளைக்குச் சாமியாராகப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது?

சுவாஹிலியில் குளிப்பது 'குவோகா', பெண் கட்டுவது 'குவோஆ'. நடுவில் வருகிற அந்தக் ககரத்தைத் 'தங்க'த்தில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்லவேண்டும். நமக்கோ 'மகன்' என்று எழுதிவிட்டு 'மஹன்' என்று சொல்லிப் பழகிய வாய், இரண்டு உயிருக்கு நடுவில் ககரம் வந்தால் தானாகவே கரைந்துவிடும். என் குளியலில் அது முழுசாகக் கரைந்து கல்யாணமாகிவிட்டது. முந்தின வாரம் 'குஃபுவா' என்பதில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு 'குஃபா' என்றதில், துணி துவைக்கப் போகிறேன் என்பது சாகப் போகிறேன் என்றாகி, தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

நான் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். குருமடத்தில் தத்துவப் படிப்பு முடிந்து இறையியல் தொடங்குவதற்கு முன்னால் பணித்தளத்தில் இருக்கிற காலத்தை ரீஜென்சி என்போம். அதற்காகச் சபை என்னை இரண்டு வருடத்துக்கு தான்சானியாவுக்கு அனுப்பியது. இங்கே என்னை மாதிரி ஆட்களை 'ஃபிராதேரி' என்று கூப்பிடுகிறார்கள். பாகமோயோ, தார் எஸ் சலாமுக்கு வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் இருக்கிற பழைய துறைமுக ஊர். 'மனத்தை இறக்கி வை' என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தூய ஆவி சபைக் குருக்கள் 1868-ல் இங்கே வந்து இறங்கி, அடிமைகளை விலை கொடுத்து மீட்டுக் குடியமர்த்தினார்கள். அவர்கள் நட்ட ஆனைப்புளி மரம் இன்னும் நிற்கிறது. ஆப்பிரிக்காவைச் சுற்றி ஆராய்ந்த டேவிட் லிவிங்ஸ்டனின் உடலை உள்நாட்டிலிருந்து சுமந்து வந்து, 1874-ல் கப்பலேற்றுவதற்கு முன் இங்குள்ள பழைய கோயிலில்தான் வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சுற்றிக்காட்டுவது என் வேலைகளில் ஒன்று. '1874' என்பதை சுவாஹிலியில் "எல்ஃபு மோஜா, மியா நானே, சபினி நா ன்னே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

எங்கள் கரைக்கு 1542-ல் தமிழ் தெரியாமல் வேதம் போதிக்க வந்த சவேரியாரும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துத் தேற்றிக்கொள்வேன். ஜெபங்களை யாரையோ வைத்துத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் பண்ணித்தான் அவர் ஊர் ஊராகச் சொன்னார். எங்கள் முப்பாட்டன்மார் எவ்வளவு சிரித்தார்களோ, அது யாருடைய கடிதத்திலும் வராது.

கடைத்தெருவில் வேறு வகைத் தொல்லை. இங்கே நான் 'ம்ஹிந்தி', அதாவது இந்தியன். இந்தியன் என்றால் கடை வைத்திருப்பான் என்பது ஊர் வழக்கு, அதனால் "உன் கடை எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் நிஜமாகவே ஒரு குஜராத்திக்காரர் கடைக்குள் நுழைந்தேன். அவர் ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் ஹிந்தியில் கொட்டினார். எனக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது. இந்திய முகம் உள்ள இரண்டு பேர் நின்று, ஒருவர் பிறந்து வளர்ந்த சுவாஹிலியிலும் ஒருவன் ஒடிந்த சுவாஹிலியிலும் பருப்பு விலை பேசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்ற பையன்கள் ரசித்துப் பார்த்தார்கள்.

உறவுப் பெயர்கள் இன்னொரு கூத்து. 'காக்கா' என்றால் இங்கே அண்ணன். அது எனக்குப் புதிதில்லை, எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்திலும் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிக்கல் 'மாமா'வில். அம்மாவைத்தான் இங்கே மாமா என்பது. போனில், "மாமா எனக்குச் சோறு வைத்துத் தந்தார்கள்" என்று சொல்லிவிட்டேன். "எந்த மாமாய்யா? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று எங்கள் அம்மா பதறிப்போனார்.

ஆனால் என்னை உண்மையிலேயே தலைகுனிய வைத்தது கடிகாரம்தான். இங்கே பகல் விடியலில் தொடங்குகிறது. நம்முடைய காலை ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி, ஒன்பது மணி என்றால் மூன்று மணி. நம் தாத்தா காலத்து நாழிகையும் சூரிய உதயத்திலிருந்துதானே எண்ணினார்கள், அதனால் இதை நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன், கொஞ்சம் பெருமையும் உண்டு. பைபிளில் வருகிற திராட்சைத் தோட்டத்து உவமையில் பதினோராம் மணி வேளையில் வேலைக்கு வந்தவர்களைப் பற்றி ஊரில் சொல்லும்போது, 'அதாவது மாலை ஐந்து மணி' என்று விளக்கவேண்டும். இங்கே விளக்கமே வேண்டாம், ஐந்து மணிக்குப் பெயரே பதினொன்றுதான்.

அந்தப் பெருமைதான் கவிழ்த்தது. கிளைக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி நடத்த என்னை அனுப்பினார்கள். அந்த ஊர் உபதேசியார் போனில் 'மணி 9' என்று செய்தி அனுப்பியிருந்தார். ஒன்பதா, ஆறைக் கூட்டினால் பிற்பகல் மூன்று என்று கணக்குப் போட்டு, காலையில் நிதானமாகச் சட்டையெல்லாம் தேய்த்து, போடாபோடா மோட்டார் சைக்கிளில் ஏறி, புழுதியில் குளித்து, மூன்று மணிக்குப் போய் இறங்கினேன். கோயில் பூட்டியிருந்தது. திண்ணையில் ஆடு ஒன்று படுத்திருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, வெளிநாட்டுப் பையன் குழம்பிவிடக் கூடாதே என்று அந்த நல்ல மனிதர் எனக்காக வெள்ளைக்காரக் கணக்கில் ஒன்பது என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகள் காலை ஒன்பதிலிருந்து பசியோடு காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "பொலே" என்று சொல்லி நாற்காலி போட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மழைக்காலத்தில் மலேரியா வந்தது. அதை நீட்ட ஒன்றுமில்லை, மூன்று நாளில் 24 மாத்திரை, வேளைக்கு நாலு. ஆனால் அப்போது சமையல்கார அம்மா 'ஊஜி' என்று ஒரு கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேப்பைக் கூழ்! சர்க்கரை போட்டிருந்தது, அது ஒன்றுதான் குறை. சின்ன மீன் கருவாட்டை 'தகா' என்கிறார்கள், அதைப் பார்த்தால் எங்கள் நெத்திலி. கூழுக்கு உப்புப் போட்டுத் தகாவைக் கடித்துக்கொள்ளவா என்று கேட்டதற்கு, காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போன மாதம் திருவிழாச் சமையல். சமையல்கார அம்மா உள்ளிருந்து "ம்பூஸி கொண்டா" என்று சத்தம் போட்டார். ம்பூஸி என்றால் ஆடு, அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். கொல்லையில் கட்டியிருந்த கிடாயை அவிழ்த்து, அது வரமாட்டேன் என்று கால் பரப்ப, இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். அங்கே உடைத்த தேங்காய் காத்திருந்தது. உட்கார்ந்து தேங்காய் திருவுகிற பலகைக்கும் இந்தக் கரையில் ம்பூஸி என்றுதான் பெயராம். கிடாய் அதற்குள் கீரைக்கட்டில் பாதியை முடித்துவிட்டது.

ஆட்டைக் கட்டிவிட்டு வந்து, நானே அந்தப் பலகையில் உட்கார்ந்து எட்டுத் தேங்காய் திருவிக் கொடுத்தேன். வீட்டில் அம்மாவுக்குத் திருவிக் கொடுத்த கை, அதில் யாரும் குறை சொல்ல முடியவில்லை. வியர்த்து ஊற்றிக்கொண்டு எழுந்து துண்டை எடுத்தபோது, அவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்ன ஃபிராதேரி, இன்றைக்குக் குளியலா, கல்யாணமா?"